இரண்டாம் பெஞ்சின் ஆமென்

"அந்தம்மா தூங்கலைங்க. நான் பார்த்துட்டேதான் இருந்தேன்—"

"தூங்கியிருந்தா நல்லதுன்னுதான் நானும் சொல்றேன். தூங்கறவங்களை—"

"முதல்ல என்னைச் சொல்ல விடுங்க—"

"தூங்கறவங்களை எழுப்பிடலாம். கண்ணை முழிச்சுக்கிட்டு, முழுசாக் கேட்டுட்டு, வாயை இறுக்கி மூடிட்டு இருக்கிறவங்களை என்ன பண்ணச் சொல்றே?"

போதகரின் மனைவி கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு உட்கார்ந்தாள். ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து வெகுநேரம் ஆகியும் அவர் தட்டில் கை வைக்கவில்லை. நாலாவது ஞாயிறாக அந்த ஒரு குரல் வரவில்லை. அதைப் பற்றித்தான் சண்டை.

அந்தச் சபை கத்திக் கூப்பாடு போடும் சபை இல்லை. ஜெபம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து ஒரு ஆமென் சொல்வார்கள். அதுவும் பக்கத்தில் குழந்தை தூங்குவது போல மெதுவாக. பிரசங்கத்தின் நடுவில், தானாக, தொண்டை திறந்து ஆமென் சொல்கிறவர் ஒரே ஒருவர்தான். இடப்பக்கம் இரண்டாம் பெஞ்சில் நடைபாதையை ஒட்டி உட்காரும் இஸ்திரிக் கடைக்கார அம்மாள். அவரைவிட மூத்தவர்கள்கூட அவரை ஆமென் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் குரலை நம்பிப் பல காரியங்கள் நடந்தன. மைக் போட்டு, மணி அடித்து, காணிக்கைப் பை நீட்டும் கோயில்பிள்ளை, மூன்றாவது ஆமென் கேட்டதும் பைகளைத் தேடி எழுந்திருப்பார். அசந்துபோகிற தாய்மார்கள் முதல் ஆமெனில் நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் போலத் தலையாட்டுவார்கள்.

போதகருக்கு இதுதான் முதல் சபை. வந்த புதிதில் அவர் குரல் பிரசங்க மேடையிலிருந்து கீழே இறங்கவே பயப்படும். அதைக் கைப்பிடித்து இறக்கிவிட்டது இரண்டாம் பெஞ்சின் ஆமென். அது நின்றுபோனதும் மனிதர் தவித்துப்போனார். பிரசங்கம் நீளம் என்று நினைத்து ஒரு வாரம் பாதியாகக் குறைத்தார். இன்னொரு வாரம் சத்தம் போதவில்லை என்று நினைத்து உரக்கப் பேச, முன்வரிசைக் குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது. இந்த வாரம் ஒட்டகத்தைக் கொண்டுவந்தார். போன வருஷம் பாலைவனத்தில் வழி தெரியாமல் நிற்கும் ஒட்டகத்தை அவர் உதாரணம் சொன்னபோது கூரை அதிரும்படி ஒரு ஆமென் வந்திருந்தது. அதை அவர் மறக்கவே இல்லை. இன்றைக்கும் ஒட்டகம் வந்தது, நின்றது, போனது. ஒருவரும் அதைச் சட்டை செய்யவில்லை.

"ஒரு பொம்பளையோட தொண்டையை நம்பியா ஊழியத்துக்கு வந்தீங்க?" என்று மனைவி கேட்டாள்.

கேட்ட பிறகுதான் கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது. அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மேல ஏறி நின்னு பாரு," என்றார். "அத்தனை முகம் இருக்கும். ஒரு முகத்துலயும் ஒன்னும் தெரியாது. கிணத்துல கல்லைப் போட்டுட்டு சத்தத்துக்குக் காத்திருக்கிற மாதிரி. அந்தம்மா சொன்னாத்தான் தண்ணி இருக்குன்னு எனக்குத் தெரியும்."

தலைமை அலுவலகத்து அச்சகத்தில் பிழை பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்களாம். அங்கே யாரும் ஆமென் சொல்லத் தேவையில்லை. வருகிற ஞாயிறும் இப்படியே போனால், ஆராதனை முடிந்ததும் சபைக் குழுவை உள்ளறையில் உட்காரவைத்துச் சொல்லிவிடப் போவதாகவும், ஒரு விஷயம் பேசணும் என்று குழுச் செயலாளரிடம் ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டதாகவும் சொன்னார். சொல்லிவிட்டு ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிட்டார். ருசி பார்த்த மாதிரி தெரியவில்லை.

அவள் வேலை செய்வது கண்ணாடிக் கடையில். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, ஒவ்வொரு கண்ணாடியாகப் போட்டுப் பார்ப்பாள். இது தெளிவா, முன்ன போட்டது தெளிவா என்று கேட்டுக் கேட்டே சரியான இடத்துக்கு வந்துசேர்வாள். கேள்விக்குப் பதில் கிடைக்காமல் யாரையும் எழுந்திருக்க விட்டதில்லை. வீட்டிலும் அந்தப் பழக்கம் உண்டு. அவர் பிரசங்கத்தை விட்டுவிடுவாரோ என்ற கவலை ஒரு பக்கம் இருக்க, அந்தம்மா ஏன் வாயை மூடிக்கொண்டார் என்ற கேள்வி அவளைத் திங்கட்கிழமை காலையிலிருந்தே பிடித்துக்கொண்டது.

முதலில் கோயில்பிள்ளையிடம் விசாரித்தாள். மைக்கில் ஒரு குறையும் இல்லை என்று அவர் முந்திக்கொண்டார். தன்னைக் குற்றம் சாட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. பிறகு தாழ்ந்த குரலில், அந்தம்மாவுக்குப் பல் ஏதாவது விழுந்திருக்கலாம், வாயைத் திறக்கக் கூச்சமாக இருக்கலாம் என்றார். பாடகர் குழுவில் ஒருத்தி, ஏதோ பொருத்தனை பண்ணியிருக்கிறார், அது நிறைவேறும்வரை பேசமாட்டாராம் என்றாள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் மட்டும், ஆமென் சொல்கிற அளவுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். அதை அவள் வீட்டில் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை கடை விட்டதும் போர்வைகளை மூட்டை கட்டிக்கொண்டு இஸ்திரிக் கடைக்குப் போனாள்.

கடை என்பது ஒரே அறை. பழைய கம்பளி விரித்த நீள மேசை, அதன் மேல் கம்பியில் தொங்கும் மின் இஸ்திரிப்பெட்டி, சுவரெங்கும் மாட்டிய சட்டைகள். ஆள் இல்லாத சட்டைகள் கைகளைத் தொங்கவிட்டபடி காத்திருந்தன. அக்கா ஒரு தலையணை உறையை நீவிக்கொண்டிருந்தார். வாயில் எல்லாப் பல்லும் இருந்தது; வந்ததும் சிரித்தார். பேச்சுக்கும் குறைவில்லை. மழை, கரண்ட், போர்வையில் எப்படி இவ்வளவு மை ஏறியது என்று மூச்சுவிடாமல் பேசினார். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு வரும்போது மட்டும் தண்ணீர் தெளிக்கக் குனிந்துகொண்டார்.

இவள் தன் பழக்கப்படி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். தொண்டையா என்றாள். இல்லை. உடம்புக்கு ஏதாவதா. அதெல்லாம் கல் மாதிரி இருக்கிறேன். கடைசியில், கேட்கப் பயந்த கேள்வியையே கேட்டுவிட்டாள்.

"அவர் பிரசங்கம் நல்லா இல்லையாக்கா?"

அக்கா மின்பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"நல்லாப் பேசும்போது நான் என்னிக்குமா ஆமென் சொல்லியிருக்கேன்?"

இவளுக்குப் புரியவில்லை.

"நல்லாப் போய்க்கிட்டிருக்கிற வண்டியை யாராவது தள்ளுவாங்களா? அவர் சிக்கிக்குவார் பாரு, கை தண்ணி டம்ளரைத் தேடும், பேப்பரைப் புரட்டுவார், அப்பத்தான் சொல்றது. நான் ஒரு ஆமென் போட்டா அவருக்கு ஒரு மூச்சு கிடைக்கும். அதுக்குள்ள விட்ட இடத்தைப் பிடிச்சுக்குவார்."

போதகரின் மனைவி போர்வை மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். போன வருஷத்து ஒட்டகம் ஞாபகம் வந்தது. பாலைவனத்தில் அந்த ஒட்டகம் அன்று வெகுநேரம் நின்றது உண்மைதான். ஒட்டகத்துக்கு வழி தெரியாமல் இல்லை. ஓட்டி வந்தவருக்குத்தான் தெரியவில்லை. அப்படியானால் இத்தனை நாளும் அவர் எங்கெல்லாம் தடுமாறினாரோ அங்கெல்லாம்தான் ஆமென் விழுந்திருக்கிறது. அவர் அவற்றையெல்லாம் தன் சிறந்த இடங்கள் என்று பொறுக்கி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது திரும்ப எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அக்காவும் சிரித்தார், விஷயம் முழுசாகத் தெரியாமலேயே.

"அப்போ இந்த நாலு வாரமும் அவர் தடுமாறலையா?"

"தடுமாறுறார். நான் பார்க்கிறேன். சொல்லத்தான் முடியலை."

சொல்லவைக்க இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த நாலு வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மேடையில் தண்ணீர் டம்ளர் வைக்க கோயில்பிள்ளை மறந்துவிட்டார். போதகரின் கை வெறும் பலகையில் தடவியது. அக்கா அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், காதைக் கொடுக்கவில்லை. பாவம் மனுஷன் என்று நினைத்து, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து ஒரு ஆமென் விட்டார். விட்ட பிறகுதான் அவர் என்ன சொல்லி நிறுத்தியிருக்கிறார் என்பது காதில் ஏறியது. கூடப்பிறந்தவர்களோடு பேசாமல் இருக்கிறவர்கள், யார் பக்கம் நியாயம் என்று பார்க்காமல், அவர்கள் வாசலில் போய் நிற்க வேண்டும்; நிற்காதவர்கள் காணிக்கை போட்டு என்ன பிரயோஜனம் என்று சொல்லியிருந்தார்.

சபை முழுக்க முதலில் இடப்பக்கம் திரும்பி அக்காவைப் பார்த்தது. பிறகு வலப்பக்கம் திரும்பி, தூணை ஒட்டி உட்கார்ந்திருந்த தையல்காரியைப் பார்த்தது. தையல்காரி அக்காவின் கூடப்பிறந்த தங்கை. இரண்டு பேரும் பேசிப் பல வருஷமாகிறது என்பது அங்கே தெரியாத ஆள் இல்லை. வந்து இரண்டு வருஷமே ஆன போதகரையும் அவர் மனைவியையும் தவிர. அவர் அன்று யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை.

"ஆமென்னா என்னம்மா அர்த்தம்? அப்படியே ஆகட்டும்னு நான் என் வாயால கையெழுத்துப் போடுறது. அத்தனை பேருக்கு முன்னால போட்டுட்டேன். அதைச் செய்யாம அடுத்த ஞாயிறு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இன்னொன்னு போடுறது?"

போய் நின்றுவிட வேண்டியதுதானே என்று இவள் கேட்டாள். அக்கா பதிலுக்குத் தலையணை உறையை இன்னொரு முறை மடித்தார். பிறகு, யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில் அக்காவுக்கு ஒரு விடுதியின் துணி முழுக்க வந்துகொண்டிருந்ததாம். பகலில் நகர முடியாது. தங்கைதான் கூட இருந்தாள். அடக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, எங்க அக்காவுக்கு ஊரார் சட்டையில எங்க சுருக்கம்னு தெரியும், பெத்தவ முகத்துல எங்க சுருக்கம்னு தெரியாது என்று தங்கை சொல்லிவிட்டாள்.

"அதுல பாதி உண்மைம்மா," என்றார் அக்கா. "முழுப் பொய்யா இருந்திருந்தா எப்பவோ மறந்திருப்பேன்."

இதைப் போதகரிடம் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டார். சொன்னால் அவர் பதறிப்போய் அந்த வாக்கியத்தையே திரும்ப வாங்கிக்கொள்வார், அது நல்ல வாக்கியம், முந்திக்கொண்டது தன் வாய்தான் என்றார். இவளும் சரி என்றாள். ஆனால் தன் பங்குக்கு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த ஞாயிறோடு அவர் பிரசங்கத்தை விட்டுவிட்டு அச்சகத்துக்குப் போகிறதாக இருக்கிறார் என்றாள்.

கொஞ்ச நேரத்தில் அறையில் தீய்ந்த வாடை வந்தது. அடுத்த உறையின் மேல் வைத்த மின்பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. எடுத்துப் பார்த்தால் படகு மாதிரி ஒரு பழுப்புத் தடம். அந்தக் கடையில் இதற்குமுன் ஒரு துணி கருகியது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அடுத்த நாள், கடையில் போடும் வெள்ளைக் கோட்டின் பட்டன் ஒன்றைத் தானே அறுத்துக்கொண்டு, போதகரின் மனைவி தையல் கடைக்குப் போனாள். இரண்டு தெரு தள்ளி ஒரு மாடிப்படியின் கீழ் இருந்தது அந்தக் கடை. தங்கை இயந்திரத்தின் முன் குனிந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா, உதடுகளுக்கு நடுவே வரிசையாகக் குண்டூசிகள். அதை வைத்துக்கொண்டே பேசுவாள்; பழகியவர்களுக்குப் புரியும். மேசை, தரை, பெட்டி எல்லாவற்றின் மேலும் துணி. ஒரு நாற்காலி மட்டும் துடைத்து வைத்தது போலக் காலியாக இருந்தது. இவள் அதில் உட்காரப் போனாள்.

"அதுல வேணாம்மா. அது வேற ஆளுக்கு," என்றாள் தங்கை, ஊசிகளுக்கு இடையில்.

எந்த ஆள் என்று கேட்காமல் இருக்க இவளால் முடியுமா? கேட்டாள். தங்கை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மெத்தைப் பந்தில் குத்தி வைத்தாள். அக்கா ஆமென் சொன்னதைத் தானும் கேட்டதாகச் சொன்னாள். அன்று சாயங்காலமே இந்த நாற்காலியின் மேல் கிடந்த துணியையெல்லாம் எடுத்துவிட்டாளாம். வந்தால் உட்கார இடம் வேண்டுமே. அதிலிருந்து வாடிக்கைக்காரர்கள் நின்றுகொண்டேதான் அளவு கொடுக்கிறார்கள். ஒரு கர்ப்பிணிப் பெண்ணை மட்டும் மனசு கேட்காமல் உட்காரவைத்து, அவள் போனதும் திரும்பத் துடைத்து வைத்திருக்கிறாள்.

"அப்போ நீங்களே ஒரு எட்டு போய்ப் பார்த்திருக்கலாமே?"

"ஆமென் சொன்னது அவதானே. நான் சொல்லலையே."

பிறகு தங்கையே பட்டனை நூலில் இழுத்துக்கொண்டே சொன்னாள். "நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. சொல்லும்போதே தெரியும். வாயில ஊசி இல்லாமப் போச்சு."

வீட்டுக்கு நடக்கும்போது போதகரின் மனைவி யோசித்துக்கொண்டே போனாள். ஒருத்தி போகாமல் இருக்கிறாள், ஒருத்தி கூப்பிடாமல் இருக்கிறாள், நடுவில் ஒரு நாற்காலி. இதில் அகப்பட்டுக்கொண்டு முழிக்கிறவர் அவளுடைய கணவர். அவரோ வீட்டில் உட்கார்ந்து, இனி தேவைப்படாது என்று சில புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை அவள் ஒரு காரியம் செய்தாள். போதகரின் வெள்ளை அங்கியை மடியில் போட்டுக்கொண்டு, கண்ணாடிக்குத் திருகாணி முடுக்கும் சின்னத் திருப்புளியின் முனையால் அதன் கீழ்ஓரத் தையலை முழங்கை நீளத்துக்குப் பிரித்துவிட்டாள். பிறகு வழக்கம்போல அதை இஸ்திரிக்குக் கொண்டுபோனாள்.

அக்கா அங்கியை மேசையில் விரித்து உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். கை ஓரத்துக்கு வந்ததும் நின்றது.

"போன வாரம் நல்லாத்தானே இருந்துச்சு?"

ஆணியில் மாட்டியிருக்கும் என்றாள் இவள்.

"ஆணியில மாட்டினா துணி கிழியும். இதுல நூலைத் தேடித் தேடி எடுத்திருக்கு."

இவளுக்கு முகம் சூடாகிவிட்டது. தைக்காமல் தேய்க்க முடியாதே, எனக்குத் தைக்க வராதே, கடையில் சனிக்கிழமை கூட்டம் வேறு என்று அடுக்கிக்கொண்டே போனாள். ஒவ்வொன்றும் முன்னதைவிட மோசமாக இருந்தது. அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஊழியக்காரர் பெண்டாட்டி செய்ற வேலையா இது?" என்றார். பிறகு, "வச்சுட்டுப் போ," என்றார். அவ்வளவுதான்.

எந்தச் சனிக்கிழமையும் மதியத்துக்குள் அங்கி உள்ளறை ஆணியில் தொங்கும். இந்தச் சனிக்கிழமை வரவில்லை. கோயில்பிள்ளை இருமுறை வந்து கேட்டுவிட்டுப் போனார். சாயங்காலமும் வரவில்லை. அங்கி இல்லாமலும் பேசலாம், கடைசி நாளுக்கு அதுவும் பொருத்தம்தான் என்று போதகர் சொன்னார். அதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. தான் வேண்டாத வேலை செய்துவிட்டோமோ என்று முதல் தடவையாகப் பயந்தாள்.

ஞாயிறு காலை கோயிலுக்குப் போனால் அங்கி ஆணியில் இருந்தது. யார் கொண்டுவந்தது என்று கேட்டாள். கதவு திறக்கிறதற்கு முன்பே தையல்காரம்மா வந்து படியில் நின்றார்கள், கையில் கொடுத்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் போனார்கள் என்றார் கோயில்பிள்ளை. இவள் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். இயந்திரத் தையல் இல்லை. கையால், எறும்பு ஊர்ந்த மாதிரி தைத்திருந்தது. ஆனால் தேய்த்தது அக்காவின் கை இல்லை. முன்பக்கம் சரி, முதுகுப்பக்கம் முழுக்கக் கசங்கல். கழுத்துப்பட்டையில் ஒரு சுருக்கம் அப்படியே பதிந்துபோயிருந்தது.

அக்கா போனாரா? உட்கார்ந்தாரா? என்ன பேசிக்கொண்டார்கள்? முதல் மணி அடித்துவிட்டது. ஆனால் தெரிந்துகொள்ளாமல் பெஞ்சில் உட்கார்ந்தால் ஒரு ஜெபமும் ஓடாது என்று அவளுக்குத் தெரியும். தூணருகே உட்கார்ந்திருந்த தங்கையிடம் போய்க் குனிந்தாள். தங்கை தலையைத் திருப்பாமல், மெதுவாகச் சொன்னாள். நேற்று மதியம் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். நூல் தீர்ந்து திரும்பிப் பார்த்தால் நாற்காலியில் அங்கி. ஆள் இல்லை. தெருமுனையில் அக்கா போவது மட்டும் தெரிந்தது.

"வாசல்ல போய் நிக்கணும்னுதானே ஐயா சொன்னார்? நின்னிருக்கா. நான்தான் பார்க்கலை."

அவ்வளவு தூரம் வந்துவிட்டார் என்றால் இன்றைக்கு வாயைத் திறப்பாரா? போதகரின் மனைவி தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்து, இரண்டாம் பெஞ்சைப் பார்த்தாள். அக்கா நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. சபைக் குழுவினர் அன்று வழக்கத்துக்கு மாறாக முன்வரிசையில் இருந்தார்கள். என்னவோ விஷயமாம் என்று அவர்களுக்கும் காது நீண்டிருந்தது.

போதகர் மேடை ஏறினார். நன்றாகத்தான் ஆரம்பித்தார். அவள் இதுவரை பிரசங்கத்தைக் காதால் கேட்டிருக்கிறாள். இன்றுதான் அக்கா சொன்ன மாதிரி கண்ணால் கேட்டாள். கொஞ்ச தூரம் கை அமைதியாக இருந்தது. பிறகு விரல்கள் பேப்பரின் ஓரத்தை மடித்தன. அப்புறம் டம்ளரைத் தேடின. டம்ளர் அங்கேயே இருந்தது, அவர் கைக்குத்தான் தட்டுப்படவில்லை. நாம் ஒருவருக்கொருவர் என்று தொடங்கினார். நிறுத்தினார். நாம் ஒருவருக்கொருவர் என்றார் திரும்பவும். அதற்குமேல் வரவில்லை.

மின்விசிறிகள் சுற்றும் சத்தம் கேட்டது. கணக்கு வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்காவின் தோள்கள் மேலே ஏறின, மூச்சை இழுத்துக்கொண்டது தெரிந்தது. வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது, அவர் தலையைக் குனிந்துகொண்டார். யாரும் பார்க்காத வாசலில் நின்றது நின்றதாகுமா என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. போதகர் பேப்பரை மடித்தார். மடித்த விதத்திலேயே அவள் புரிந்துகொண்டாள். இனி அவர் அதைப் பிரிக்கப் போவதில்லை.

"ஆமென்."

மெல்லிய, உடைந்த, நடுவில் ஒரு கீறல் விழுந்த குரல். சபை பழக்கத்தில் இடப்பக்கம்தான் திரும்பியது. அங்கே அக்காவே திரும்பிக்கொண்டிருந்தார். பிறகு எல்லாத் தலைகளும் வலப்பக்கம் போயின. தூணருகே தங்கை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையாலும் முன்பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு. வாயில் ஊசி இல்லாததால் உதடுகளை என்ன செய்வது என்று தெரியாமல் கடித்துக்கொண்டிருந்தாள்.

போதகரும் அந்தப் பக்கம் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது ஆச்சரியம்தான். மடித்த பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டே, நாம் ஒருவருக்கொருவர் என்று மூன்றாம் தடவை தொடங்கினார். இந்தத் தடவை வாக்கியம் முடிந்தது. அடுத்ததும் வந்தது. அதன்பிறகு பேப்பரைப் பிரிக்காமலேயே பேசினார். பாதியில் தண்ணீர் குடித்தார், அவசரமில்லாமல். கணக்கு வாத்தியார் கடிகாரத்தை மறந்துவிட்டார். காணிக்கைப் பையை எப்போது எடுப்பது என்று தெரியாத கோயில்பிள்ளை, ஒரு ஆமென்தான் ஆகியிருக்கிறது, இன்னும் இரண்டு பாக்கி என்று பிரசங்கம் முடிந்த பிறகும் உட்கார்ந்தே இருந்தார்.

ஆராதனை முடிந்து உள்ளறையில் குழு கூடியது. அவள் கதவோரம் நின்றாள். என்ன விஷயம் ஐயா என்று செயலாளர் கேட்டார். போதகர் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார், எல்லோரையும் பார்த்தார், கொஞ்ச நேரம் யோசித்தார். இந்த ஆணி ரொம்ப நாளாக ஆடுகிறது, ஒரு நல்ல ஆணியாகப் பார்த்து அடிக்க வேண்டும் என்றார். குழு அதை ஏற்றுக்கொண்டது. வெளியே வந்ததும் அவர் மனைவியின் காதருகில், அந்த ஒருவருக்கொருவர் இடம் ரொம்ப நல்லா அமைஞ்சிருச்சு போல, புது ஆளே ஆமென் சொல்லிட்டாங்க பாரு, இன்னொரு தடவை எங்கேயாவது சேர்த்துக்கணும் என்றார். ஆமாம் என்றாள் அவள். மற்றதைச் சொல்ல இன்னும் வருஷங்கள் இருந்தன.

அவள் கண் முற்றத்தில் இருந்தது. ஜனங்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். தங்கை படியிறங்கி ஓரமாக நின்றாள், போகிறவள் போலவும் நிற்கிறவள் போலவும். அக்கா இடப்பக்கத்துக் கதவால் வெளியே வந்தார். எப்போதும் வந்த வழியே வாசலுக்குப் போய்விடுவார். இன்று படியில் நின்றார். சேலை முந்தானையை இழுத்து ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டார். பிறகு முற்றத்தைக் குறுக்கே கடந்து நடந்தார்.

செருப்பைத் தேடுகிறவர்கள் கண்டுபிடித்த பிறகும் தேடிக்கொண்டிருந்தார்கள். கோயில்பிள்ளை பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டவில்லை. போதகர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். மனைவி அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அக்கா தங்கைக்கு எதிரில் போய் நின்றார். முகத்துக்கு நேராக, வெகுநேரம் பார்த்தார். கண்ணோரத்திலும் வாயோரத்திலும் எங்கெங்கே என்ன விழுந்திருக்கிறது என்று பார்ப்பவர் போல. பிறகுதான் பேசினார்.

"அது என்னடி ஆமென்? கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்க வேணாமா?"